எட்டு இல்லாத ஆலை

அத்தியாயம் பதினாறு

தியாகராசா மேசையிலே ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு எழும்பிப் போனதோடு போன கிழமை நிறுத்தியிருந்தோம். மனுசன் ஏன் அடித்தார் என்று தெரியாதவர்களுக்கு ஒரு சொல் சொல்லிவிட்டுப் போகிறேன்.

சண்டிலிப்பாயில் இருக்கிற அவருடைய கறித்தூள் ஆலை பத்தொன்பது வருடமாகக் கொப்பியில் ஓடிய ஆலை. எங்கேயிருந்து மிளகாய் வந்தது, எத்தனை மணிக்கு வறுத்தது, தூளில் ஈரம் எவ்வளவு, ஆர் பார்த்தது, எல்லாம் கொப்பி. வெள்ளிக்கிழமை பின்னேரம் ஒரே இருப்பில் இருந்து கிழமை முழுவதுக்கும் எழுதி முடிக்கிற கொப்பி என்பதையும் மறைக்கக்கூடாது. பரிசோதகர் வருகிறார் என்றால் மூன்று நிறப் பேனையால் எழுதுவார்கள், பார்க்க உண்மை மாதிரி இருக்கட்டும் என்று.

அந்தக் கொப்பிகளை அலுமாரிக்குள் அடுக்கிப் பூட்டிவிட்டு, வறுக்கிற இடத்தில் ஒன்று, அரைக்கிற இடத்தில் ஒன்று, களஞ்சியத்தில் ஒன்று என்று, கொப்பியின் வேலையைப் பார்க்கிற மென்பொருள் போட்ட ரப்லெற் கணினியைக் கொண்டுவந்து வைத்தவள் மருமகள் டிலக்ஷி. குருநகர்ப் பெட்டை. நண்டு பதனிடும் கொம்பனி ஒன்றில் தரக்கட்டுப்பாடு பார்த்தவள். அவளை மகன் குகதாசன் கட்டிக்கொண்டு வந்த கதையைத் திரும்பக் கிண்டவேண்டாம், இரண்டு குடும்பமும் இப்போதுதான் சாடையாக ஆறியிருக்கிறது.

தியாகராசா சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. சரக்கு வாங்குகிறவர் ரொறொன்ரோவில் இருக்கிற அவருடைய மனுசியின் சொந்தத் தம்பி. கொப்பியை நம்பமாட்டேன், நான் இங்கேயிருந்து பார்க்கக்கூடிய மாதிரிக் கணினியில் பதியுங்கள், இல்லாவிட்டால் வேறு இடத்தில் எடுப்பேன் என்று அவர் எழுதிய பிறகுதான் தியாகராசா தலையாட்டினார். அந்தத் தம்பி கலியாணத்துக்கும் வரவில்லை. இன்றுவரை டிலக்ஷியோடு ஒரு சொல்லும் கதைத்ததில்லை.

தலையாட்டினாலும் ரப்லெற்றில் அவருக்கு நம்பிக்கை வரவில்லை, அந்த எரிச்சல்தான் போன கிழமை மேசையில் விழுந்தது. அதோடு வந்த தவணை இதுதான்: இந்த மாதம் முடியுமட்டும் பார்ப்பார். ஒரேயொரு மூட்டை பிழையாகப் போனாலும் அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்துவிடுவார்.

இனி இந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

காலை ஒன்பது மணிக்குச் சாரதி றமேஸ் லொறியை எடுத்துக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டான். நாளை மத்தியானத்துக்கு முன்பு துறைமுகத்தில் சரக்கு ஏறவேண்டும். டிலக்ஷி கேற் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள். அவளுக்கு அன்றைக்கு மனம் லேசாக இருந்தது. ஏனென்றால் இந்தமுறை அந்த மென்பொருள் தன் வேலையைக் காட்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை வறுத்த தொகுதியில், ஆலைப் பேச்சில் பட்ச்சில், ஈரம் பதினாலு வீதம். பதினொன்றுக்கு மேலே போனால் கப்பலுக்குள்ளேயே பூசணம் பிடிக்கும். ரப்லெற் உடனே சிவப்பாகி, பன்னிரண்டாம் பட்ச்சை வெளியே விடாதே என்று பூட்டிவிட்டது. களஞ்சியம் பார்க்கிற உதயகலா பன்னிரண்டு என்று லேபல் ஒட்டிய நாற்பது மூட்டையையும் தனியாக மூலையில் அடுக்கிச் சிவப்பு நாடா கட்டினாள். மிச்சம் லொறியில் ஏறியது. கொப்பிக் காலத்தில் இந்தப் பதினாலு பேனை முனையில் பத்தாகியிருக்கும்.

மூன்றாம் நாள் திரும்ப அளக்கவேண்டும் என்பது டிலக்ஷி வைத்த விதி. பத்து மணிபோல ஈரம் அளக்கிற மெசினைத் தூக்கிக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனாள்.

ஒன்பது வீதம் காட்டியது.

வேறு மூட்டை. ஒன்பது. இன்னொன்று, ஒன்பதரை.

உதயகலாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. செவ்வாய்க்கிழமை மெசின் பிழையாகக் காட்டியிருக்குது அக்கா, நாடாவை அவிழ்க்கட்டோ என்று கேட்டாள். டிலக்ஷி பொறு என்றாள். தைத்துக் கட்டிய மூட்டைக்குள் கிடந்த தூள், அதுவும் இந்த மாரி மழைக்குள், மூன்று நாளில் எப்படிக் காயும்? அவள் ஒரு பிடி தூளை அள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். நல்ல பளிச்சென்ற சிவப்பு. செவ்வாய்க்கிழமை மிளகாய் ஈரமாக வந்து, வறுபடமாட்டேன் என்று அடம்பிடித்து, கடைசியில் கோப்பித்தூள் நிறத்துக்குக் கறுத்ததைத் தன் கண்ணால் பார்த்தவள் அவள். இது அந்தத் தூள் இல்லை.

லேபல் பன்னிரண்டு என்றுதான் சொல்லியது. ரப்லெற்றும் பன்னிரண்டு என்றுதான் சொல்லியது. ஆனால் இரண்டும் ஒரு பன்னிரண்டைச் சொல்லவில்லை.

லேபல் அறை மாமியின் ராச்சியம். குணலட்சுமி அங்கே காலையில் விளக்கு வைத்துவிட்டு இருந்தால் பின்னேரம்தான் எழும்புவார். மருமகளை அவர் இன்னும் நீர் என்றுதான் கூப்பிடுவார். கோபம் என்றில்லை, நீ என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை, அவ்வளவுதான். டிலக்ஷி போய் இந்த மாத லேபல்களின் மிச்சத்தைக் கேட்டாள். மாமி நூலில் கோத்து ஆணியில் தொங்கவிட்டிருந்ததை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொரு மாதமும் ஒன்றிலிருந்து தொடங்கும் இலக்கம். ஐந்து, ஆறு, ஏழு, ஒன்பது, பத்து.

டிலக்ஷி திரும்ப ஒருமுறை எண்ணினாள்.

"மாமி, எட்டு எங்கை?"

"எட்டோ? எங்கடை ஆலையிலை எட்டு இல்லையே பிள்ளை."

சூரியன் கிழக்கே உதிக்கும் என்கிற மாதிரி அவர் அதைச் சொன்னார். எட்டு சனியின் இலக்கம். எட்டாம் திகதி இந்த வீட்டில் ஒரு நல்ல காரியமும் தொடங்கியதில்லை, வாகனம் வாங்கினாலும் நம்பரில் கடைசி எட்டு வராமல் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஆலை தொடங்கின முதல் மாதமே ஏழுக்குப் பிறகு ஒன்பது என்று குணலட்சுமி எழுதினார். பத்தொன்பது வருடமாக அப்படித்தான். கூட்டினால் எட்டு வருகிற பதினேழையும் இருபத்தாறையும் பற்றி மட்டும் ஒருவரும் கவலைப்பட்டதில்லை, அவ்வளவுக்குச் சனியனும் நுணுக்கமாகப் பார்க்காது என்று நினைத்தார்களோ என்னவோ.

டிலக்ஷி விரல் விட்டுக் கணக்குப் பார்த்தாள். மென்பொருள் ஒன்று, இரண்டு என்று தானாக எண்ணும். ஏழுக்குப் பிறகு எட்டு என்று எண்ணிக்கொண்டு போயிருக்கிறது. லேபல் அறையோ எட்டைத் தாண்டிப் போயிருக்கிறது. ஏழுக்குப் பிறகு லேபல் இலக்கம் எல்லாமே ஒன்று கூட. மென்பொருள் பூட்டிய பன்னிரண்டின் மூட்டைகளில் ஒட்டியிருப்பது பதின்மூன்று. நாடா கட்டி மூலையில் வைத்தது திங்கட்கிழமை வறுத்த நல்ல தூள். ஈரத் தூள் நாற்பது மூட்டையும் லொறியில் ஏறிக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

அவளுக்குத் தன்மீதுதான் முதல் ஆத்திரம் வந்தது. பழைய கொப்பி அத்தனையையும் புரட்டித்தானே அந்தப் படிவங்களைக் கட்டினாள்? என்னென்ன நிரல் இருக்கிறது என்று பார்த்தாள், எவர் கையெழுத்து வேண்டும் என்று பார்த்தாள். ஏழுக்குக் கீழே ஒன்பது நிற்பதைப் பார்க்கவில்லை. குருநகரில் எட்டு ஒரு இலக்கம், அவ்வளவுதான். அவளுடைய அப்பா கனிசியஸின் வள்ளத்து நம்பரிலேயே இரண்டு எட்டு.

விசயத்தை மாமிக்குச் சொன்னாள். குணலட்சுமி லேபல் சரத்தைக் கையில் வாங்கி ஏழையும் ஒன்பதையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"உந்தச் சாமானுக்கு எட்டை விட்டுப்போட்டு எண்ணு எண்டு சொல்ல ஏலாதோ?"

"ஏலும் மாமி. எங்களுக்கு ஏத்த மாதிரி மாத்தலாம். ரண்டு நிமிச வேலை."

"அப்ப ஏன் என்னை ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"

"நீங்களும் சொல்லேல்லை."

இரண்டுமே உண்மை. மூன்று மாதமாக ஒரே கூரையின் கீழே இருந்து, ஒரே சட்டியில் சாப்பிட்டு, ஒருத்தி கேட்கவில்லை, மற்றவர் சொல்லவில்லை. இதிலே சண்டை பிடித்துக்கொண்டிருக்க நேரமும் இல்லை. மணி பத்தரை தாண்டிவிட்டது.

றமேசுக்கு அடித்த அடியில் டிலக்ஷியின் போன் சுட்டது. அவன் எடுக்கவில்லை. வண்டி ஓடும்போது போனைத் தொடக்கூடாது என்பது மாமியே போட்ட சட்டம், பொடியன் அதைச் சாமிக்கட்டளையாக எடுத்துக்கொண்டவன். அப்போது குணலட்சுமி சொன்னார், வழியில் முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில் இறங்கித் தேங்காய் உடைக்காமல் அவன் ஒரு அடி அங்காலே போகமாட்டான் என்று. தன்னுடைய பழைய போனை எடுத்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, ஒரு நம்பரைத் தேடிப் பிடித்தார். முறிகண்டியில் அவர் வழக்கமாகக் கச்சான் கடலை வாங்குகிற மனுசியின் நம்பர். வாசலில் எங்கடை நீல லொறி வந்து நிற்கும், அந்தப் பொடியனை மறித்து வைத்துக்கொள், நான் சொல்லாமல் விடாதே என்றார். போனை வைத்துவிட்டு, அவள் விடமாட்டாள் என்று மட்டும் மருமகளுக்குச் சொன்னார்.

டிலக்ஷிக்கு வழி திறந்தது போல இருந்தது. நல்ல தூள் நாற்பது மூட்டை மூலையில் இருக்கிறது. பட்டா என்கிற சின்னச் சரக்கு வாகனத்தில் ஏற்றி முறிகண்டிக்கு அனுப்பினால், அங்கேயே மாற்றிவிடலாம். லொறி திரும்பி வரத்தேவையில்லை, கப்பலும் தப்பாது. குகதாசன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். ஆனால் மூட்டையை அசைக்கமுன்பு ஒரு தடை. பூட்டிய பட்ச்சை மென்பொருள் சும்மா திறக்காது. காரணம் எழுதவேண்டும். தரக்கட்டுப்பாடு ஒரு சம்மதம், முதலாளி ஒரு சம்மதம். இப்படி அமைத்ததும் டிலக்ஷிதான்.

தியாகராசா தன் அலுவலக அறையில், கந்தோருக்குள் இருந்தார். டிலக்ஷி விசயத்தைச் சொன்னாள். கேட்ட பிறகு, மூட்டையை மாற்றுவது சரி, உடனே செய்யுங்கோ என்றார். எழுதுவதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. எழுதினால் ரொறொன்ரோவில் மச்சான் அதே நிமிசம் பார்ப்பார். அவர் ஒரு சாட்டுக்குக் காத்துக்கொண்டிருக்கிற மனுசன். இந்தப் பெட்டையைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள், இப்ப பாருங்கோ என்பார். இருபத்தாறு பேர் வேலை செய்கிற ஆலை ஒருவருடைய சொல்லில் தொங்குகிறது.

"மெசின் பிழை எண்டு போடும். செவ்வாய்க்கிழமை மெசின் பிழையாக் காட்டினது, இண்டைக்குச் சரி. ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும் மாமா. பிழை விட்டது விட்டதுதான். அதை மறைச்சு எழுதினால் அது கள்ளம். அதுக்கு உந்த ரப்லெற் தேவையில்லை, மூண்டு நிறப் பேனை காணும்."

மாமனார் முகத்தைப் பார்த்து அந்த வீட்டில் ஒருவரும் இப்படிக் கதைத்ததில்லை. தியாகராசாவின் காது சிவந்தது. குகதாசன் நிலத்தைப் பார்த்தான். டிலக்ஷி ரப்லெற்றைக் கீழே வைக்கவில்லை. பிழை தன் பேரில் எழுதப்படட்டும், பழைய பதிவைப் பார்க்காமல் இலக்கம் அமைத்தது தான்தான், மாதம் முடிய அலுமாரியைத் திறப்பதென்றால் திறக்கட்டும், ஆனால் பொய்க் காரணத்துக்குத் தான் சம்மதம் கொடுக்கமாட்டேன் என்று சொன்னாள். அவள் சம்மதம் இல்லாமல் பூட்டுத் திறக்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அப்போதுதான் குணலட்சுமி உள்ளே வந்தார். கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, அதை இங்கே தாரும் என்று ரப்லெற்றை வாங்கினார். அவருடைய பேரில் ஒரு கணக்குத் திறந்து மூன்று மாதம், ஒருநாளும் உள்ளே போனதில்லை. எப்படிப் போவது என்று கேட்டார். டிலக்ஷி காட்டிக்கொடுத்தாள். தியாகராசா ஏதோ சொல்ல வாயெடுக்க, அவர் திரும்பியும் பார்க்கவில்லை.

"லேபல் ஒட்டினது நான். நான்தான் எழுதவேணும்."

ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி எழுதினார். லேபல் அறையில் 8 என்ற இலக்கத்தை நாங்கள் பாவிப்பதில்லை. அதை நான் தரக்கட்டுப்பாட்டுக்குச் சொல்லவில்லை. அதனால் மூட்டைகள் மாறிவிட்டன. அந்த எட்டை அழுத்துவதற்கு முன்பு விரல் கொஞ்ச நேரம் மேலே நின்றது. பிறகு அழுத்தியது. அதன் கீழே டிலக்ஷி தன் பிழையையும் சேர்த்து எழுதிச் சம்மதத்தைக் கொடுத்தாள்.

தியாகராசா மனுசியின் முகத்தைப் பார்த்தார். முப்பத்துநாலு வருடக் குடித்தனத்தில் எந்த முகத்தோடு வாதாடலாம், எந்த முகத்தோடு ஏலாது என்று படித்த மனுசன். விரலை நீட்டி அழுத்தினார். பூட்டுத் திறந்தது.

பதினொன்றேகாலுக்குப் பட்டா வாகனம் கேற்றைத் தாண்டியது. நல்ல ராகுகாலம். அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இரண்டரைக்குக் குகதாசன் போன் எடுத்தான். றமேஸ் கோயிலடியில் மறியலுக்குள் பிடித்துப் போட்டவன் மாதிரி இருந்தானாம், கச்சான்கார மனுசி வண்டித் திறப்பைச் சாவிக்கொத்தோடே பறித்துத் தன் பெட்டிக்குள் போட்டுவிட்டதாம். நாற்பது மூட்டையும் மாற்றியாகிவிட்டது, ஈரத் தூள் திரும்பி வருகிறது. லொறி கொழும்புக்குப் போய்விட்டது. களஞ்சியத்தில் உதயகலா கைதட்டினாள். தியாகராசா தேத்தண்ணி கேட்டார், கேட்டு வாங்கிக் குடித்தார், மருமகளுக்கும் ஒன்று கொடு என்று சொன்னார். அது அவர் வாயிலிருந்து வருவது லேசான விசயமில்லை.

டிலக்ஷி தேத்தண்ணியை வைத்துவிட்டு இலக்கத்தைத் திருத்த உட்கார்ந்தாள். இனிமேல் லேபலும் மென்பொருளிலிருந்துதான் அச்சாகும், கையால் எழுதுவது இல்லை. எட்டு வேண்டுமா வேண்டாமா என்று மாமியைக் கேட்டாள். மாமி யோசித்துவிட்டு, விட்டுவிடும், வேலை செய்கிற பெட்டைகளும் பயப்படுவார்கள் என்றார். சரி என்று மாற்றினாள். இரண்டு நிமிசம்கூட எடுக்கவில்லை.

பிறகு, எல்லாம் சரிதானா என்று பார்க்க, பூட்டிய பட்ச்சுகளின் பட்டியலைத் திறந்தாள். இரண்டு வரி இருந்தது. ஒன்று இன்றைக்குத் திறந்தது.

மற்றது செப்ரெம்பர் மாதம், பதினைந்தாம் பட்ச். அரைக்கிற மெசினின் சல்லடை உடைந்து கம்பித் துண்டுகள் தூளுக்குள் விழுந்த பட்ச். அதைத் திரும்ப அளக்க ஒன்றுமில்லை, அழித்துவிடவேண்டியதுதான். பதினைந்து என்று லேபல் ஒட்டிய நாற்பது மூட்டையையும் ஆலைக்குப் பின்னால் கிடங்கு வெட்டித் தாட்டார்கள். தியாகராசா கிட்ட நின்று பார்த்தார். நல்ல தூளைத் தாட்ட மாதிரி மனம் பதறுது என்று அன்றைக்குச் சொன்னவர்கூட அவர்தான்.

நல்ல தூளைத்தான் தாட்டிருக்கிறார்கள்.

கம்பி விழுந்த நாற்பது மூட்டையும் பதினாறு என்ற லேபலோடு அந்த மாதமே கப்பலேறிவிட்டது. ரொறொன்ரோவில் இறங்கி ஒரு கிழமையாகிறது.

டிலக்ஷி கத்தவில்லை. மாமியைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினாள். குணலட்சுமி வாசித்துவிட்டு அப்படியே கதிரையில் இருந்துவிட்டார். பிறகு, தாரும், தம்பியோடு நான் கதைக்கிறேன், உம்மோடு அவன் கதைக்கமாட்டான் என்று போனுக்குக் கை நீட்டினார்.

"இல்லை மாமி. எத்தினையாம் மூட்டை, என்ன பிழை எண்டு அவர் கேட்டால் நான்தான் சொல்லவேணும். கதைக்காட்டிலும் பரவாயில்லை, கேட்டால் காணும்."

இங்கே நாலரை. அங்கே விடிய ஆறு மணி. போன் ஆறுமுறை அடித்து எடுபட்டது. நித்திரைக் குரல் இல்லை, எழும்பி வெளிக்கிட்ட குரல்.

"ஹலோ, ஆர் கதைக்கிறது?"

"டிலக்ஷி கதைக்கிறன் மாமா. குகன்ரை மனுசி. போனை வைச்சிடாதேங்கோ. கடைசியா வந்த சரக்கிலை பதினாறாம் நம்பர் மூட்டை ஒண்டையும் விக்கவேண்டாம். தூளுக்குள்ளை கம்பித் துண்டு கிடக்கு. பிழை எங்கடை."

அந்தப் பக்கம் ஒரு கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. அவர் குரல் முந்திய குரலாக இல்லை.

"பதினாறோ? அதிலை ஒரு மூட்டை நேற்றுப் பின்னேரம் கோயில் மடப்பள்ளிக்குக் குடுத்தனான் பிள்ளை. இண்டைக்கு அன்னதானம். விடிய நாலு மணிக்கே அடுப்பு மூட்டியிருப்பினம்."

"எத்தினை மணிக்குப் பந்தி மாமா?"

"பதினொண்டுக்கு."

"அப்ப இன்னும் அஞ்சு மணித்தியாலம் கிடக்கு. காரை எடுங்கோ. போனை வைக்காதேங்கோ, நான் லைனிலை நிக்கிறன்."

கார்த் திறப்புக் கொத்தொன்று குலுங்குகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு கதவு.